சிரிக்கச் சொல்வது சுலபம்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பினால், பக்கத்து வீட்டுக்காரரின் பைக் எங்கள் கேட்டுக்குக் குறுக்கே நிற்கும். டவுன் பஸ்ஸில் சூரமங்கலம் போய்ச் சேரும்வரை யாராவது ஒருவர் ஊருக்கே கேட்கும்படி போன் பேசுவார். சாயங்காலம் தட்டுவடை செட் கடையில், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போவார்கள். வீட்டில் வந்து புலம்பினால் கணவர் "இடுக்கண் வருங்கால் நகுக" என்று சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பே வருவதில்லை. நான் சிடுமூஞ்சியா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: சிடுமூஞ்சிக்கு "கை கழுவிவிட்டுப் போவார்கள்" என்று எழுத வராது, சகோதரி. அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். உங்களுக்குச் சிரிப்பு வராமல் இல்லை. கடை முன்னால் நிற்கும்போது வராமல், கடிதம் எழுத உட்காரும்போது வருகிறது. அது எல்லோருக்கும் அப்படித்தான். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, பாதி வழியில் யாருக்காவது வயிற்றைப் புரட்டும், எலுமிச்சம்பழம் கைமாறும், ஜன்னலோரத்துக்கு அடிதடி நடக்கும். அப்போது யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அதே குடும்பம் அடுத்த கல்யாணத்தில் கூடும்போது முதலில் எடுப்பது அந்தக் கதையைத்தான்.

அதனால் அந்த நிமிஷத்திலேயே சிரித்தாக வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். எரிச்சல் வந்தால் வரட்டும்.

உங்கள் கணவர் குறளை எடுத்தார்; நான் தொல்காப்பியத்தை எடுக்கிறேன். அதில் உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்லும் மெய்ப்பாட்டியலில் கோபம் பிறக்கும் இடம் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. கையைக் காலை வெட்டுவது, குடியை வருத்துவது, அடித்துத் துன்புறுத்துவது, கொல்லப் பார்ப்பது. கேட்டுக்குக் குறுக்கே பைக் நிறுத்துவது அதில் இல்லை. (அன்றைக்கு பைக் இல்லை என்பது வேறு விஷயம்.) சிரிப்புக்கும் அங்கே நான்கு இடம் உண்டு: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை). இதில் எள்ளலை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் திருப்ப வேண்டாம். சுவர் ஒன்றுதான், காதில் விழும். பேதைமையை நம் பக்கத்தில் வைத்துக்கொண்டால் யாருக்கும் வம்பில்லை.

பைக் விஷயத்தில் சிரித்துச் சமாளிக்கவே வேண்டாம். அது தீர்க்கக்கூடிய தொல்லை. காலை அவசரத்தில் கேட்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் போய், மாம்பழ சீசன் என்றால் இரண்டு பழத்தோடு, "அண்ணா, காலையில வெளிய வர முடியல, கொஞ்சம் தள்ளி விடுங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்புறமும் நிறுத்தினால், பைக் நிற்கிற இடம்வரை நீட்டி ஒரு பெரிய கோலம் போடுங்கள். கோலத்தின் மேல் வண்டியை ஏற்ற நம் ஊரில் கொஞ்சமாவது கை கூசும்.

பஸ்ஸில் போன் பேசுபவரை உங்களால் நிறுத்த முடியாது. காதைப் பொத்துவதைவிட, ஒரு பக்கத்துப் பேச்சை வைத்து மறுபக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டே போங்கள். சீக்கிரமே மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேச மொய்த் தகராறில் நீங்களும் ஒரு கட்சி ஆகிவிடுவீர்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டுவடைக் கடைதான் கஷ்டம். அங்கே வரிசை கிடையாது, வட்டம்தான். கடைக்காரர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. ஒருவருக்கு சாதா செட், ஒருவருக்குக் காரம் குறைச்சு, இன்னொருவருக்கு நொறுக்கல், அதில் வெங்காயம் வேண்டாம் என்று எல்லாம் அவர் தலைக்குள் ஓடும். கை பாட்டுக்கு இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட் துருவலையும் சட்னியையும் வைத்துக்கொண்டே இருக்கும். மரியாதையாக ஒதுங்கி நிற்பவரை அந்தத் தலை மறந்துவிடும், வேண்டுமென்று செய்வதில்லை. முன்னால் போய் நில்லுங்கள். ஒவ்வொரு தட்டு கைமாறும்போதும் "அடுத்தது என்னுது" என்று ஒருமுறை சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் சில்லறையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள், அதுவே பேசும்.

கடைசியாக உங்கள் கணவர். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிடுகிறார். உங்களுக்குச் சிரிப்பு வராததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன். முதலில் "அடடா, அப்புறம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சிரித்த பிறகு அவர் சிரிக்கலாம். குறள்தான் வேண்டும் என்றால் 42-ஆம் அதிகாரம் 'கேள்வி' இருக்கிறது. வள்ளுவர் அங்கே சொல்வது கற்றவர் பேச்சைக் கேட்பதை. உங்கள் வீட்டில் அதை மனைவி பேச்சு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.