கார் வராத சரளைப் பாதைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள்தான் கிராவல் சைக்கிள். அதைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாக வைத்துப் படித்தேன். ஊர் வேறு, வயது வேறு, கேட்பது மட்டும் ஒன்றுதான். பின்னால் லாரி ஹாரன் கேட்காத பாதை வேண்டும், மரநிழல் வேண்டும், பக்கத்தில் தண்ணீர் ஓடினால் இன்னும் நல்லது. நானும் இத்தனை வருடங்களாக அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் மலையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை. இங்கே கிராவல் சைக்கிள் வாங்குவது வீண்செலவு என்கிறார் என் கணவர். உண்மையா? (ஈசூன்)

மலை விஷயத்தில் அவர் சொல்வது சரி. புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டரைத் தொடவில்லை. ஆனால் கிராவல் சைக்கிளுக்கு மலை கட்டாயமில்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடம் இருந்தால் போதும்.

அந்த இடம் நம் தீவின் நடுவிலேயே 24 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிய தடம் அது, இப்போதைய ரயில் காரிடார். 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். பின்னர் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டது, தடம் மட்டும் மிஞ்சியது. 1932இல் கட்டிய புக்கிட் தீமா ரயில் நிலையம் 2022இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே பழைய இரும்புப் பாலம். அதன்மேல் நின்று கீழே விரையும் கார்களைப் பார்க்கும்போதுதான் நாம் எவ்வளவு அமைதியான இடத்தில் நிற்கிறோம் என்பது உறைக்கும். மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும் நிலையங்களில் வேலை பார்த்தவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர். அந்தத் தடத்தில் ஓட்டும்போதெல்லாம் அவர்கள் நினைவு எனக்கு வரும்.

ரயில் தடம் ஏன் சைக்கிளுக்கு இவ்வளவு இதமாக இருக்கிறது? பாரம் இழுக்கும் இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், ஆற்றோரமாகவே வளைந்து போனார்கள். அவர்கள் பட்ட பாட்டின் பலன் நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது. இதை நினைவில் வையுங்கள், கீழே வெளிநாட்டுப் பாதைகளைச் சொல்லும்போது மறுபடி வரும்.

ஆற்று விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் ஒத்துப்போகவில்லை. காலாங் ஆற்றை அவர் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் போய்ப் பார்க்கட்டும். அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாக இருந்ததை உடைத்து, 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். பாதை பெரும்பாலும் தார்தான், ஆனாலும் காலை ஏழு மணிக்கு அங்கே ஓட்டுவது கண்ணுக்கு விருந்து.

புலாவ் உபினில் கார் இல்லை என்பது நிஜமா? எப்படிப் போவது? (தெம்பனிஸ்)

முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. தீவின் சாலைகளில் சில வேன்கள் ஓடுகின்றன, வளைவுகளில் இடப்பக்கமாகவே இருங்கள். அவற்றைத் தாண்டினால் மண்ணும் சரளையும் காடும்தான்.

சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். எம்ஆர்டி ரயிலில் மடக்கிய நிலையில் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கும் சைக்கிளுக்குத்தான் இடம். கிராவல் சைக்கிள் அதில் அடங்காது. தெம்பனிஸிலிருந்து படகுத்துறைவரை ஓட்டியே போய்விடுங்கள். விடியற்காலையில் அது நல்ல உடற்பயிற்சியும்கூட.

உபின் என்பது கருங்கல் தீவு. 1851இல் பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவில் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது இங்கிருந்துதான். கல் வெட்டிய பள்ளங்கள் இப்போது பச்சைத் தண்ணீர் நிறைந்த ஏரிகளாகிவிட்டன. 75 மீட்டர் புவாக்கா குன்றின் மேலிருந்து அந்த ஏரியைப் பார்ப்பதற்காகவே போகலாம். மேற்கே 2008இல் திறந்த கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா இருக்கிறது. அதில் எளிய தடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான தடங்கள் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளுக்கானவை. கிராவல் சைக்கிளில் இறங்கினால் கைமணிக்கட்டுதான் விலை கொடுக்கும். உபினின் செக் ஜாவா சதுப்புநில மரப்பாலத்தில் சைக்கிள் கூடாது, வாசலில் பூட்டிவிட்டு நடங்கள். சதுப்புநிலத்து ஓடைகள் கடலில் கலப்பதை நடந்து பார்ப்பதே சரி.

இன்னொன்று: கைப்பிடியில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிடாதீர்கள். குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் பிளாஸ்டிக் பைச் சத்தம் நன்றாகத் தெரியும்.

மெக்ரிச்சி காட்டுப் பாதையில் அதிகாலை, ஆள் இல்லாத நேரத்தில் ஓட்டலாமா? (தோ பாயோ)

கூடாது. ஆள் இல்லாவிட்டாலும் கூடாது. மெக்ரிச்சி அடங்கிய மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய தடங்கள் தவிர மற்றவை நடப்பவர்களுக்கானவை. சைக்கிள் சக்கரம் வேர்களை உரசி மண்ணை அரித்துவிடும், ஒரு மழைக்காலத்தில் பாதை ஓடையாகிவிடும். காடுதான் வேண்டுமென்றால் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 81 ஹெக்டர், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடம்.

டயரில் எவ்வளவு காற்று? கடையில் அறுபது பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக் கொடுத்தார்கள், சரளையில் உடம்பே ஆடுகிறது. (புக்கிட் பாத்தோக்)

ஆடத்தான் செய்யும். 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயர், எடை எழுபது கிலோ என்றால் முன்னால் முப்பதில் தொடங்குங்கள், பின்னால் இரண்டு மூன்று கூட்டுங்கள். ட்யூப் போட்டிருந்தால் இன்னும் ஐந்து சேர்க்கலாம். கல்லில் ரிம் இடித்தால் கூட்டுங்கள், வளைவில் சறுக்கினால் குறையுங்கள். நம் வெயிலில் ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையைத் தவிர்ப்பது டயருக்கும் நல்லது, பாதைக்கும் நல்லது. ஏப்ரல் முதல் நவம்பர்வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும் சுமத்ரா புயற்காற்றைக் கொஞ்சமும் அலட்சியம் செய்யாதீர்கள். மேற்கே வானம் கறுத்து, திடீரென்று குளிர்ந்த காற்று அடித்தால் பத்து நிமிடத்தில் மின்னல் தலைக்குமேல் இருக்கும். உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல.

ஒன்பது வயது மகளோடு போக இடம்? (பொங்கோல்)

உங்கள் வீட்டுப் பக்கமே கோனி தீவு இருக்கிறது. தட்டை, சரளை, நிழல். காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை திறந்திருக்கும். கொசு மருந்து கட்டாயம்.

நாங்கள் மூன்று நண்பர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரு வாரம் விடுப்பு. மலை, காடு, ஆறு மூன்றும் வேண்டும், கார் மட்டும் வேண்டாம். எங்கே போகலாம்? (சுவா சூ காங்)

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

முதல் முறை என்றால் ஆஸ்திரேலியாவின் கிரேட் விக்டோரியன் ரயில் தடம். தாலருக்கிலிருந்து மேன்ஸ்ஃபீல்ட்வரை 134 கிலோமீட்டர். மெல்பர்னிலிருந்து தாலருக்குக்கு ரயிலே இருக்கிறது. தொடக்கத்தில் கோல்பர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கோடு போகும், யே ஊரைத் தாண்டியதும் 201 மீட்டர் செவியட் சுரங்கம். செங்கல்லால் கட்டியது, உள்ளே ஜில்லென்று இருக்கும். மூன்று நாள் வைத்துக்கொண்டால் அவசரமே இல்லை. ரயில் தடம் என்பதால் ஏற்றம் நீண்டு வருமே தவிர மூச்சுத் திணற வைக்காது.

திறந்த வெளியும் பாறைப் பள்ளத்தாக்கும் பிடிக்குமென்றால் நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் தடம். கிளைடிலிருந்து மிடில்மார்ச்வரை 152 கிலோமீட்டர், 2000இல் திறந்தார்கள். பூல்பர்ன் பள்ளத்தாக்கில் சுரங்கங்களும் உயரப் பாலங்களும் அடுத்தடுத்து வரும், டார்ச் எடுத்துப் போங்கள். காடு மட்டும் அங்கே குறைவு.

காடுதான் முதலில் என்றால் மேற்கு ஆஸ்திரேலியாவின் முண்டா பிட்டி. நூங்கார் பழங்குடி மொழியில் ‘காட்டினூடே பாதை’ என்று பொருள். பெர்த் அருகே முண்டாரிங்கிலிருந்து அல்பனிவரை ஆயிரம் கிலோமீட்டர். 2013இல்தான் முழுதாக முடிந்தது. ஒரு வாரத்தில் அத்தனையும் முடியாது, டுவெலிங்கப் சுற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாரா மரக்காடு, மரே ஆறு, தங்குவதற்குக் குடில்கள், மழைநீர்த் தொட்டிகள். ஆனால் இது ரயில் தடம் அல்ல. திடீர் ஏற்றங்கள் வரும். அங்குள்ள சரளை உருண்டையான பட்டாணிக் கல், சக்கரத்துக்கு அடியில் குண்டுமணிபோல உருளும். முதல் நாள் நான் இரண்டு முறை விழுந்தேன். உடம்பை இறுக்காமல், பெடலை நிறுத்தாமல், முன் பிரேக்கைத் தொடாமல் போனால் பழகிவிடும். கோடையில் காட்டுத்தீ அபாயம், நம் டிசம்பர் விடுமுறைக்கு இது ஏற்ற இடமல்ல.

மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், உங்கள் வயதுக்கும் ஒரு வாரத்துக்கும் விக்டோரியா.

ஜொகூர் செம்பனைத் தோட்டப் பாதைகள்? (உட்லண்ட்ஸ்)

அழகுதான். ஆனால் தனியார் நிலம், குலை ஏற்றும் லாரிகள் வரும், கோத்தா திங்கி பக்கம் காட்டு யானை நடமாட்டம் உண்டு. இடம் தெரிந்த உள்ளூர் ஓட்டிகளோடு மட்டும் போங்கள்.

ஊருக்குப் போகும்போது முதுமலைக் காட்டில் சைக்கிள் ஓட்ட ஆசை. (செங்காங்)

ஆசை புரிகிறது, நான் சொல்வது வேண்டாம் என்றுதான். புலிகள் காப்பகம் அது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். யானைக்கு முன்னால் சைக்கிள் எந்தப் பாதுகாப்பும் தராது. நீலகிரியில் தேயிலைத் தோட்ட வழிகளில், தோட்டத்தாரிடம் கேட்டுக்கொண்டு, உச்சி வெயிலுக்கு முன் ஓட்டுங்கள்.

விமானத்தில் சைக்கிள் கொண்டுபோகும்போது எதை மறக்கக் கூடாது? (ஜூரோங்)

மண்ணை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் டயரில் ஒட்டிய மண்ணைக்கூட உள்ளே விடமாட்டார்கள். முண்டா பிட்டி காடுகளில் மரங்களின் வேரை அழுகவைக்கும் நோய் பரவுவதும் மண் வழியாகத்தான். நுழைவு அட்டையில் சைக்கிளை மறைக்காமல் குறிப்பிடுங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் டயர் பள்ளங்களையும் பெடல் அடியையும் ஷூவின் அடியையும் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டுப் பெட்டியில் போடுங்கள். உபின் செம்மண், ஷூவைப் பிடித்துக்கொள்ளும் பெடலின் ஸ்பிரிங்குக்குள் ஒளிந்துகொள்ளும், அங்கே இன்னொரு முறை தேயுங்கள்.