கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் ஷா256சம் கட்டளை ஒரு கணினியில் வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் ஓடுவது ஏன்?

இரண்டும் ஒரே மாதிரி கணினி, ஒரே ஐஎஸ்ஓ கோப்பு என்றால், முதலில் எல்டிடி கட்டளையை (ஒரு நிரல் எந்த நூலகங்களைப் பயன்படுத்துகிறது என்று காட்டுவது) ஷா256சம் மேல் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் லிப்கிரிப்டோ என்ற வரி வரும், மற்றதில் வராது. பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான்.

ஷா256சம் இடம்பெறும் குனு கோர்யூடில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் இருப்பது எங்கும் ஓடும்படி எழுதிய சாதாரண சி நிரல். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் லிப்கிரிப்டோ நூலகமோ, ஓடும்போதே சிபியு என்னவென்று பார்த்து, ஷா-1, ஷா-256 கணக்குகள் இரண்டுக்கும் சில்லிலேயே தனிக் கட்டளைகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்தும். ஏஎம்டி ஸென் சில்லுகளில் 2017 முதலே இவை உண்டு. எம்டி5 என்ற பழைய முறைக்கு இல்லை, அதனால் அதைக் கணக்கிடும் எம்டி5சம்மில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் ஏன் எல்லாரும் ஷா256சம்மை லிப்கிரிப்டோவோடு இணைக்கவில்லை? உரிமச் சிக்கல். பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் உரிமம், கோர்யூடில்ஸின் ஜிபிஎல் உரிமத்தோடு ஒத்துப்போகாது. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியதும் ஜிபிஎல் 3உடன் அந்தத் தகராறு தீர்ந்தது.

சும்மா கிடைப்பதல்ல இது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய நூலகத்தை ஏற்ற வேண்டும். ஆயிரம் சின்னக் கோப்புகளுக்கு ஆயிரம் தடவை நிரலைக் கூப்பிட்டால் மெதுவாகக்கூட ஆகலாம். பல கோப்புப் பெயர்களை ஒரே கட்டளைக்குச் சேர்த்துக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் வைத்து மொத்தமாகக் கொடுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், சரி, வட்டுதான் தடை. நூலகம் என்ன செய்யும்?