பழி பேடின் மேல், வேலை அடாப்டருடையது

போனை வயர்லெஸ் சார்ஜர் மேல் வைத்ததும் என் அமெச்சூர் ரேடியோவில் 40 மீட்டர் பட்டையில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) இரைச்சல் மீட்டரில் எஸ்7 வரை ஏறுகிறது. சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பொறுங்கள். முதலில் அந்தப் பேடை ஒரு பவர் பேங்கில் சொருகிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி சுவரில் தொங்கும் அடாப்டர். என் வீட்டிலும் இதே கதைதான். இரண்டு வாரம் பேடைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதனோடு இலவசமாக வந்த அடாப்டர் மாட்டியது.

ரிக்கில் (ரேடியோ பெட்டியில்) வாட்டர்ஃபால், அதாவது சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை, இருந்தால் இன்னும் சுலபம். கோடுகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். சுமார் 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு என்றால் பெரும்பாலும் அடாப்டர். 110 முதல் 205 வரை என்றால் பேட். சாதாரண ‘சீ’ (Qi என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரநிலை) சார்ஜர்கள் ஓடுவது அந்த எல்லைக்குள்தான். போனைக் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் புதிய வகை 360-ஐ ஒட்டி ஓடும். பழைய பேடுகள் பலவும் அதிர்வெண்ணை நகர்த்தித்தான் திறனைக் கூட்டிக் குறைக்கும். அதனால் போனை லேசாக நகர்த்தினால் கோடும் வழுக்கிக்கொண்டு போகும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

கேபிளில் கிளிப் ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கக் கவ்வும் காந்தத் துண்டு) மாட்டினேன். ஒன்றும் குறையவில்லையே?

கேபிளை ஒரே தடவை நுழைத்தால் 7 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் நகைதான். காயிலின் காந்தப்புலம் தூரம் கூடக் கூட மளமளவென்று விழுந்துவிடும். உங்கள் டைபோல் ஆன்டெனாவை வந்து சேர்வது கேபிளே ஆன்டெனாவாகி வீசும் குப்பை. 31-ஆம் கலவை டோராய்டு (ஃபெரைட் வளையம்) ஒன்று வாங்கி, கேபிளை எட்டுச் சுற்று சுற்றுங்கள். தடை சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும்; எட்டுக்கு ஏறக்குறைய 64 மடங்கு.

கார்களுக்கும் வயர்லெஸ் சார்ஜிங் வருகிறதாமே, பயப்பட வேண்டுமா?

இதற்குத்தான் பயப்பட வேண்டும். தரநிலை வைத்திருக்கும் இடம் 79 முதல் 90 கிலோஹெர்ட்ஸ், நடுவில் 85. திறன் 11 கிலோவாட் வரை. கசிவு அந்த அதிர்வெண்ணின் மடங்குகளிலும் வரும். கணக்குப் போடுங்கள்: 85-இன் 83-ஆவது மடங்கு 7055 கிலோஹெர்ட்ஸ், 84-ஆவது 7140. இரண்டும் நம் 40 மீட்டருக்குள். 11 கிலோவாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கசிந்தாலே 11 மில்லிவாட். நம் ஆட்கள் அதைவிடக் குறைந்த திறனில் டபிள்யூ.எஸ்.பி.ஆர். (குறைந்த திறனில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் டிஜிட்டல் முறை) அனுப்பிக் கண்டம் தாண்டுகிறார்கள்! போன் சார்ஜராவது இரண்டு மணி நேரத்தில் ஓயும், கார் ராத்திரி முழுக்க நிற்கும். நாம் தூர நிலையங்களைத் தேடும் நேரமும் அதுதான். சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் ஐ.டி.யு.வில் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில்) பல வருடமாக இதற்காக மல்லுக்கட்டுகிறது. 2019 உலக ரேடியோ மாநாட்டிலும் பேசினார்கள், ரேடியோ விதிகளில் மாற்றம் வரவில்லை. கசிவு வரம்பைக் கறாராக வைப்பது ஒன்றுதான் வழி என்பது என் கட்சி.

இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. எப்படிக் கேட்பது?

புகார் என்று ஆரம்பிக்காதீர்கள். சிற்றலை வரும் கையடக்க ரேடியோ ஒன்றோடு போய், அவர்கள் சார்ஜர் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், சுற்றி வைத்த டோராய்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.