சின்ன ரிமோட் கம்பனி, இரவு பகல் இல்லாத வேலை: விடுவதா, பொறுப்பதா?

"ஒன்பது பேர் மட்டுமே உள்ள ஒரு ரிமோட் ஐடி கம்பனியில் வேலை செய்கிறேன். நேரம் காலம் இல்லாமல் மெசேஜ் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது. சொன்னால் 'வீட்டில் இருந்துதானே வேலை, இதில் என்ன கஷ்டம்' என்கிறார்கள். விடுவதா, பொறுப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'வீட்டில் இருந்துதானே' என்ற சொல்லைப் பார்த்ததும் கை நடுங்கியது. அதே சொல்லை எங்கள் வீட்டில் இரண்டு வருடம் கேட்டவள் நான்.

நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். 2020 செப்டம்பரில் இருந்து 25 மாதம் அப்படியான ஒரு கம்பனியில் இருந்தேன். மொத்தம் பதினொரு பேர். முதலாளி ரொறன்ரோவில். பெயர் சொல்லப் போவதில்லை, கம்பனியின் பெயரும் வேண்டாம். உணவகங்கள் ஒன்லைனில் ஓடர் எடுக்கும் மென்பொருள்தான் எங்கள் வேலை. முதலாளி எங்கள் ஊர்க்காரர். அவருடைய அம்மா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். வேலையே கோவிலில் அவருடைய அம்மாவும் என் அம்மாவும் கதைத்துக் கிடைத்ததுதான். நீங்கள் எழுதாவிட்டாலும், உங்களுக்கும் இப்படி யாரோ தெரிந்தவர் மூலம்தான் வேலை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அறிவித்தல் போட்டு ஆள் எடுத்த கம்பனி என்றால் விடுவதா பொறுப்பதா என்று இவ்வளவு யோசித்திருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒன்று. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பவர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. திருகோணமலையில் இந்தத் துறையில் வேலை எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொழும்புக்குப் போவதென்றால் 260 கிலோமீற்றர், அங்கே அறை வாடகை, சாப்பாடு, கிழமைக்கு ஒருதரம் இரவு ரயிலில் அலைச்சல். வீட்டில் இருந்துகொண்டு 95,000 ரூபாய் என்பது 2020இல் எங்கள் வீட்டுக்குப் பெரிய காசு. அப்பாவின் கண் சத்திரசிகிச்சை அந்தக் காசில்தான் நடந்தது. நான் அதை மறக்கவில்லை. 'பெண் பிள்ளை, அதுதான் தாங்கவில்லை' என்றும் தயவுசெய்து எழுத வராதீர்கள். எனக்கு முன்பே இரண்டு பையன்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் செய்த வேலையும் எங்கள் தலையில்தான் வந்தது.

நேரக் கணக்கைச் சொல்கிறேன். ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அவர்களுடைய குளிர்காலத்தில் அது பத்தரை ஆகும். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. அங்கே ஒபிஸ் முடியும்போது இங்கே அதிகாலை 2.30. அது சொல்லித்தான் சேர்த்தார்கள், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் உணவகங்களுக்கு ஓடர் குவிவது வெள்ளிக்கிழமை இரவு 6இலிருந்து 9 வரை. அது எங்களுக்குச் சனிக்கிழமை விடிய 3.30இலிருந்து 6.30. சேர்வர் விழுந்தால் அந்த நேரத்தில்தான் விழும். பிறகு பகலில், முதலாளி நித்திரை வராமல் எழும்பியிருந்தால், எங்கள் மத்தியானம் 1 மணிக்கு 'ஒரு சின்ன விஷயம்' என்று ஒரு மெசேஜ். அந்தச் சின்ன விஷயம் 4 மணி வரை போகும்.

10 நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள் ஒன்றும் எங்கள் எல்லாருடைய லப்டொப்பிலும் இருந்தது. விசைப்பலகையில் கை படாத நிமிடங்களை அது எண்ணும். அந்தக் கணக்கு கிழமைக்கு ஒருதரம் எல்லாரும் இருக்கிற குழுவில் பெயரோடு வரும்.

2022 மார்ச் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள். நாட்டில் ஏழரை மணித்தியால மின்வெட்டு தொடங்கியிருந்த கிழமையும் அதுதான். சுவாமி எங்கள் வீதியால் வரும்போது வாசலில் நிறைகுடம் வைத்து, கர்ப்பூரம் கொளுத்தி நிற்பது அம்மம்மா காலத்தில் இருந்து வரும் வழக்கம். மேளச் சத்தம் சந்தியில் கேட்டதும் நான் எழும்பிப் போனேன். கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு வந்து உட்கார 12 நிமிடம். அந்த 12 நிமிடம் ஞாயிற்றுக்கிழமை குழுவில் சிவப்பு நிறத்தில் வந்தது. கீழே அவர் எழுதியிருந்தார்: "தங்கச்சி, நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம். ஒருவர் எழும்பிப் போனால் மற்றவர் சுமக்க வேண்டும்." முதல் நாள் அதே குழுவில், யாராவது சுவாமி வருவதை வீடியோ எடுத்து அனுப்புங்கோ என்று கேட்டிருந்தவரும் அவர்தான். நான் எடுத்து அனுப்பியிருந்தேன். அன்று இரவு எனக்கு அழுகை வந்தது. காசு வெட்டியதற்காக இல்லை, வெட்டியது நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூடத்தான். சாமி கும்பிட்டதைக் குற்றமாக எழுதி, அதன் கீழே பதினொரு பேருக்கு முன்னால் நான் 'சொறி அண்ணா' என்று போட வேண்டி வந்ததை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்தது மார்ச் 31. வயது வந்த எவருக்கும் அந்த நாள் நினைவிருக்கும். 13 மணித்தியால மின்வெட்டு, அன்று இரவுதான் மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டைச் சுற்றிச் சனம் கூடியது. எங்கள் பக்கம் பின்னேரம் போன கரன்ட் வரவில்லை. ரவுட்டருக்கு வைத்திருந்த யூபிஎஸ் இறங்கியது. போனில் டேட்டா எடுக்கலாம் என்றால், கோபுரத்தின் பற்றரியும் இறங்கி சிக்னல் ஒரு கோட்டில் வந்து வந்து போனது. 7 மணிக்குக் கூட்டம். 'கரன்ட் இல்லை அண்ணா' என்று அனுப்பிய மெசேஜ் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

7.40 இருக்கும். வாசலில் "பிள்ளை, பிள்ளை" என்று குரல். போய்ப் பார்த்தால் டோர்ச் லைற்றோடு முதலாளியின் அம்மா. 70 வயது தாண்டியவர், முழங்கால் வருத்தக்காரி, அந்த இருட்டில் இரண்டு ஒழுங்கை நடந்து வந்திருக்கிறார். அவர்கள் வீட்டில் இன்னமும் பழைய செப்புக் கம்பித் தொலைபேசி. கரன்ட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். மகன் அதற்கு எடுத்து, அவள் ஒன்லைனில் இல்லை, போய்ப் பாருங்கோ என்று சொல்லியிருக்கிறார்.

என் அம்மா கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தா. அவர் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துச் சொன்னார்: "அவனுக்கும் அங்க நித்திரை இல்லையாம் பிள்ளை. எப்பிடியாவது செய்து குடுங்கோ."

அந்த மனுசியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்கு என்ன தெரியும்? மகன் கேட்டார், வந்தார். ஆனால் அந்தக் கையைப் பிடித்த பிடியில் எனக்கு விளங்கிவிட்டது, இந்த வேலையில் இருந்து எழும்பிப் போக எனக்கு ஒரு கதவும் வைக்கவில்லை என்று. பெரிய கம்பனி என்றால் மேலாளருக்கு மேலே ஒருவர் இருப்பார், மனிதவளப் பிரிவு என்று ஒன்று இருக்கும், ஒருவரைப் பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்கு மாற்றம் கேட்கலாம். பதினொரு பேர் உள்ள இடத்தில் முறைப்பாட்டைக் கேட்பவரும் அவர்தான், முறைப்பாடும் அவரைப் பற்றித்தான். எங்கள் மாதிரி ஊரில் அதுக்கு மேலே இன்னொன்றும் சேரும்: செஞ்சோற்றுக்கடன். சம்பளம் என்பது செய்த வேலைக்கு வந்த காசு என்று யாரும் பார்ப்பதில்லை. 'அவன் போட்ட சோறு' என்றுதான் கதை. விட்டால் நன்றி கெட்டவள், அம்மா கோவிலில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது.

அன்று இரவு அப்பா, பத்திரப்படுத்தி வைத்திருந்த பெற்றோலில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உப்புவெளியில் தெரிந்த ஒருவருடைய விடுதிக்குக் கொண்டு போனார். அங்கே ஜெனரேற்றர் இருந்தது. விடிய 3 மணி வரை வரவேற்பறையில் இருந்து வேலை செய்தேன். அப்பா எனக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடியே நித்திரை. மாதச் சம்பளம் வந்தபோது அன்றைக்கு மூன்று மணித்தியாலம் வெட்டியிருந்தது.

மே மாதம் இன்னொன்று. எங்கள் சம்பளம் ரூபாயில் நிலையாகக் கட்டியது. வருடத் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. டொலரில் பார்த்தால் 475 ஆக இருந்த என் சம்பளம் 264 ஆகிவிட்டது. அவருக்கு உணவகங்கள் கட்டும் காசு அங்கத்தைய காசு, அது குறையவில்லை. கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். "இந்த நேரத்தில வேலை இருக்கிறதே பெரிய விஷயம் தங்கச்சி" என்றார். சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டபோது, நீங்கள் ஊழியர் இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று ஒப்பந்தத்தின் பந்தியைக் காட்டினார். ஊழியர் என்றால் முதலாளி ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப்க்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈடிஎஃப்க்கு 3 வீதமும் போட வேண்டும். 95,000இல் அது மாதம் 14,250. 25 மாதத்துக்கு 356,250 ரூபாய். 12 நிமிடத்தை எண்ணிய அதே மனிதரிடம் இந்தக் கணக்கையும் ஒருநாள் எழுதி அனுப்ப வேண்டும் என்று இருந்தது. அனுப்பவில்லை.

அப்புறம் உடம்பு. நிலாவெளி பஸ்ஸில் யாரோ ஒருவருடைய போனில் ஸ்லாக் சத்தம், எங்கள் வேலை மெசேஜ் எல்லாம் வரும் செயலியின் அந்தக் கதவைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. என் போன் வீட்டில் இருந்தது. அப்படியிருந்தும் உள்ளங்கை குளிர்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அன்றைக்குத்தான் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். என்ன நேரம் தொடங்கினேன், என்ன நேரம் முடித்தேன், யார் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எல்லாம் கையால் எழுதினேன். ஒரு கிழமையில் 71 மணித்தியாலம் வந்தது. இலங்கையில் கடை, காரியாலய ஊழியர்களுக்குச் சட்டப்படி கிழமைக்கு 45. 'வீட்டில் இருந்துதானே' என்று சொன்ன அப்பாவுக்கு அந்தக் கொப்பியைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டில் வரவில்லை. நீங்களும் இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். வாயால் சொன்னால் சலிப்பு என்றுதான் எடுப்பார்கள்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்தால் நித்திரை வராது, டச்பே கடற்கரைக்கு நடப்பேன். இதை இங்கே சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் புள்ளிமான்கள் கோட்டைப் பக்கமிருந்து வீதிக்கு வரும். குப்பைக்குள் தலையை விட்டுப் பொலித்தீன் பையை மெல்லும். சோற்றுப் பார்சல் சுற்றிய தாள், அதில் குழம்பு ஒட்டியிருக்கும், அதோடு சேர்த்து விழுங்கும். பகலில் அதே மான்களோடு நின்று படம் எடுக்கிறார்கள், கையில் இருக்கிற பையை அங்கேயே போடுகிறார்கள். மூடியுள்ள குப்பைத்தொட்டி வைக்க ஒரு ஊருக்கு எவ்வளவு காசு வேண்டும்? வாயில்லாத சீவன்கள். எத்தனை தரம் நான் போய் வாயில் இருந்து இழுத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

பொறுக்கச் சொல்ல மாட்டேன். நாளைக்கே விடு என்றும் சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். நான் ஜூனில் முடிவெடுத்தேன், ஓகஸ்ட் கடைசியில்தான் கடிதம் கொடுத்தேன். இடையில் மூன்று மாதச் செலவுக்குக் காசு ஒதுக்கினேன். புது வேலை தேடியது என் தங்கையின் பழைய லப்டொப்பில், படம் பிடிக்கிற லப்டொப்பில் ஒரு விண்ணப்பமும் திறக்கவில்லை. அதை நீங்களும் கவனியுங்கள். இப்போது இருப்பதும் ரிமோட் வேலைதான், ஜெர்மனிக்காரர்கள், ஆறு பேர். மூன்றரை, நாலரை மணித்தியால வித்தியாசம், இரவு 9.30க்கு மேல் ஒருவரும் எழுதுவதில்லை. எனவே சின்னக் கம்பனி என்பதாலோ ரிமோட் என்பதாலோ எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடிதம் கொடுக்க முன் நானே அவருடைய அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வேறு வாயால் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு, "மெலிஞ்சு போனாய் பிள்ளை, நானும் கண்டனான்" என்றார்.

ஒப்பந்தத்தில் முன்னறிவித்தல் எத்தனை நாள் என்று பார்த்து, அத்தனை நாளும் வேலை செய்துவிட்டு வாருங்கள். எனக்கு 30 நாள். கடைசி நாள் செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை. சனி விடிய 2.30க்கு, ஓடர் குவிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, லப்டொப்பை மூடிவிட்டுப் படுத்தேன். எழும்பும்போது 11 மணி. கடைசி மாதச் சம்பளம் 19 நாள் பிந்தி வந்தது, முழுதாக வந்தது.