காபி கிரைண்டருக்குள் ஏலக்காயும் ஆளிவிதையும்: வாசகர் கேள்வி–பதில்

‘கிரைண்டர்’ என்றதும் நமக்கு இட்லி மாவு ஆட்டும் கல் கிரைண்டர்தான் நினைவுக்கு வரும். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் வேறொன்றைப் பற்றியவை. 50 முதல் 70 கிராம் வரை காபிக்கொட்டை பிடிக்கும், மூடியை அழுத்தினால் சுற்றும், உள்ளங்கையில் அடங்குகிற சின்ன மின்கருவி அது.

மிக்ஸியில் மூன்று ஜார் இருக்கும்போது தனியாக ஒரு காபி கிரைண்டர் தேவையா? — ஒரு வாசகி, திருச்சி

ஒரு டேபிள்ஸ்பூன் மிளகை மிக்ஸியின் சட்னி ஜாரில் போட்டுப் பாருங்கள். பிளேடு ஒரு தட்டு தட்டியதும் மிளகு மூடிக்குத் தாவும், ஓரத்தில் ஒதுங்கும். பாதி மாவாகிவிடும், பாதி முழுசாகவே கிடக்கும். காபி கிரைண்டரின் கிண்ணம் குறுகலானது, ஆழமில்லாதது. இரண்டு சிறகுள்ள பிளேடு அடியை ஒட்டியே சுழலும். மூடி குவிந்திருப்பதால் மேலே எறியப்பட்டது திரும்பவும் நடுவில்தான் விழும். அதே மிளகு 10–15 விநாடியில் பொடியாகிவிடும். பத்து ஏலக்காய், அரை ஸ்பூன் வெந்தயம், இரண்டு ஸ்பூன் ஓட்ஸ் என்று மிக்ஸிக்குப் பிடிபடாத அளவுகளுக்குத்தான் இந்தக் கருவி. கால் கிலோ மல்லி வறுத்தால் மிக்ஸிக்குப் போங்கள், அதற்கு மேல் என்றால் மாவு மில்லுக்கு.

வாரத்தில் ஒருநாள் மிளகுப்பொடி செய்வதற்காக மட்டும் வாங்குவது வீண். இடிகல்லே போதும்.

கொட்டைக்கு நல்லது என்று ‘பர்’ கிரைண்டர் வாங்கியிருக்கிறோம். அதில் அரிசி, சர்க்கரை அரைக்கலாமா? — ஒரு வாசகர், கோவை

வேண்டாம். அதில் பிளேடு கிடையாது. பல் வைத்த இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில்தான் கொட்டை நொறுங்கும். எண்ணெய் விதை போட்டால் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும், சர்க்கரை ஈரம் வாங்கி இறுகிவிடும். பச்சரிசி வறுத்த காபிக்கொட்டையைவிடக் கடினம் என்பதால் வளையம் சிக்கி மோட்டார் திணறும். கீழே வரும் பதில்கள் எல்லாம் பிளேடு வகைக்கு மட்டும்.

பட்டர் கிரீமுக்கு வீட்டிலேயே சர்க்கரை பொடிக்கிறேன். எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் நறநறவென்று இருக்கிறது. என்ன செய்ய? — ஒரு வாசகி, மதுரை

முதலில் அது ஏன் கரைவதில்லை என்று பார்ப்போம். வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, தண்ணீர் 16 சதவீதம்தான். சர்க்கரை கொழுப்பில் கரையாது. அதனால் எவ்வளவு நேரம் அடித்தாலும் பெரிய துகள் பெரிய துகளாகவே நிற்கும். அரைக்கும்போதே நைஸாக்குவதுதான் ஒரே வழி.

ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் போடாதீர்கள், அதாவது தட்டையாக நான்கு டேபிள்ஸ்பூன். கிண்ணம் பாதிக்கு மேல் நிறைந்தால் அடியில் உள்ளது மாவாகி, மேலே உள்ளது அப்படியே மிதக்கும். 10 விநாடி ஓட்டி நிறுத்துங்கள். கிரைண்டரையும் மூடியையும் சேர்த்துப் பிடித்து இரண்டு முறை குலுக்குங்கள். பிறகு இன்னும் இரண்டு தடவை அதே 10 விநாடி. ஆரம்பத்தில் மணல் கொட்டுவதுபோலக் கரகரவென்று வரும் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து வெறும் ரீங்காரமாக மாறும். அப்போதுதான் சர்க்கரை பொடிந்திருக்கிறது என்று பொருள். உடனே திறக்காதீர்கள். உள்ளே புகைபோல எழும்பி நிற்கும் தூள் படிய ஒரு நிமிடம் ஆகும். திறந்ததும் நிறைய பேருக்குத் தும்மல் வருவது அவசரத்தால்தான்.

மைதா சலிக்கும் சல்லடையைவிட நெருக்கமான சல்லடையில் சலித்து, நிற்கும் கப்பியை அடுத்த ஈட்டோடு சேர்த்துப் போடுங்கள். எடுத்து வைப்பதாக இருந்தால் 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்து அரைத்தால் கட்டி பிடிக்காது. அன்றே பயன்படுத்துவதானால் தேவையில்லை. மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கும். பொடித்ததும் டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, அளக்கக் கப்பை நம்பாதீர்கள். ஒரு கப் சர்க்கரை 200 கிராம், ஒரு கப் பொடித்த சர்க்கரை 120 கிராம் அளவுதான். ‘ஒரு கப் பொடித்த சர்க்கரை’ என்று குறிப்பில் இருக்க, ஒரு கப் சர்க்கரையை எடுத்துப் பொடித்து முழுவதையும் கொட்டினால் இனிப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். நான்கட்டாய் பரந்து ஓடுவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். தராசில் நிறுத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

நான்கட்டாய், கேக் மாவு, பட்டர் கிரீம் வரைக்கும் வீட்டுப் பொடி தாங்கும். மெல்லிய முனையில் பிழிந்து பூவேலை செய்யும் ஐசிங்குக்கு மட்டும் கடைப் பொடியையே வாங்குங்கள். வீட்டுத் துகள் முனையில் அடைத்துக்கொள்ளும்.

பாதாமை மாவாக்கப் போனால் பேஸ்ட் ஆகிவிடுகிறது. — ஒரு வாசகி, கொழும்பு

பாதாமில் ஏறக்குறைய பாதி எண்ணெய். பிளேடு சுற்றச் சுற்றச் சூடு ஏறும், எண்ணெய் கசியும், தூள் ஒன்றோடொன்று ஒட்டும். அதைத் தாண்டி ஒரு நொடி ஓட்டினாலும் மாவு திரும்பி வராது.

வெந்நீரில் போட்டுத் தோலுரித்திருந்தால் துணியில் பரப்பி ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். தொட்டால் ஈரமில்லை என்பதோடு திருப்தி அடையாமல், ஒன்றை உடைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று உடையவேண்டும், வளையக்கூடாது. பிறகு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு ஈட்டுக்கு 40 கிராம். செய்முறையில் வரும் சர்க்கரையிலோ மைதாவிலோ ஒரு டேபிள்ஸ்பூனை எடுத்து இதோடு சேர்த்துவிட்டால் கசியும் எண்ணெயை அது வாங்கிக்கொள்ளும். ஒரு நொடி ஓட்டம், ஒரு நொடி நிறுத்தம் என்று எட்டுப் பத்து தடவை. நடுவில் ஒருமுறை மூடியைத் திறந்து, பிளேடுக்கு அடியில் அப்பியிருப்பதை மரக்குச்சியால் கிளறிவிடுங்கள். பேஸ்ட் எப்போதும் அங்கேதான் தொடங்கும். ரவைப் பதம் வந்ததும் நிறுத்திச் சலியுங்கள். கப்பியை மட்டும் மறுபடி அரையுங்கள். முழுவதையும் ஒரே ஓட்டத்தில் நைஸாக்கப் பார்ப்பதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள்.

முந்திரி இன்னும் மென்மை, அதற்கு ஐந்தாறு தடவையே அதிகம். எள்ளுப்பொடிக்கும் இதே கதைதான். வறுத்த மிளகாய், உளுந்து, உப்பை முதலில் அரைத்துவிட்டு, முழுக்க ஆறிய எள்ளைக் கடைசியில் போட்டு மூன்றே சுற்று. கசகசா மட்டும் பிளேடுக்கு அடியில் நழுவிப் போக்குக் காட்டும். அதை வெந்நீரில் ஊறவைத்து வேறு எதிலாவது அரைப்பதே மேல்.

கரம் மசாலாவுக்கு எதையெல்லாம் நேரடியாகப் போடலாம்? விரலி மஞ்சள் போட்டதில் மூடி விரிசல் விட்டுவிட்டது. — ஒரு வாசகர், ஈரோடு

விரலி மஞ்சளை ஒருபோதும் போடாதீர்கள். பிளேடு அதை வெட்டாது, உதைத்துத்தான் எறியும். அந்த அடியில் மூடி விரிசல் விடலாம், பிளேடு கோணலாகலாம். முழு ஜாதிக்காயும் முழுச் சுக்கும் இதே ரகம். ஜாதிக்காயைத் துருவியிலும், சுக்கை இடிகல்லில் தட்டி மிளகளவாக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். சுக்கில் நார் நிற்கும், கட்டாயம் சலிக்கவேண்டும்.

கடையில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் தடித்த மரப்பட்டை போன்ற கேசியா. அதைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உடைத்துப் போடுங்கள். காகிதம்போல் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டை கையாலேயே நொறுங்கும், அதற்குப் பிரச்சினை இல்லை. மிளகாய் வற்றலைக் காம்பு நீக்கி, இரண்டாகக் கிள்ளி, வெயிலில் காயவைத்து ஒரு ஈட்டுக்கு எட்டுப் பத்து. மசிந்து ஒட்டுகிறதென்றால் இன்னும் காயவில்லை. திறக்கும் முன் இரண்டு நிமிடம் பொறுங்கள், முகத்தை எட்டி வையுங்கள்.

ஏலக்காயைத் தோலோடு போடலாம். வாணலியில் வாசம் கிளம்பும் அளவுக்கு மட்டும் சூடு காட்டி, 10 கிராமுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை சேர்த்து அரைத்துச் சலியுங்கள். தூளில் சர்க்கரை இருப்பதை டப்பாவில் எழுதி ஒட்டுங்கள், பிரியாணிக்கு எடுக்கும்போது தெரியவேண்டும். சலித்த தோலைத் தூக்கிப் போடாமல் டீத்தூளில் கலந்துவிடலாம்.

கிராம்பைத் தனியாக அரைக்காதீர்கள். அதன் எண்ணெய் பிளாஸ்டிக்கை அரிக்கும். தெளிவான மூடி பாலாடை போர்த்தியதுபோல மங்கிப்போகும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் வராது. மல்லியோடும் சீரகத்தோடும் சேர்த்தே ஓட்டி, முடிந்த கையோடு மூடியைக் கழுவுங்கள்.

வறுத்த எதையும் சூடாகப் போடக்கூடாது. ஆவி மூடியில் வியர்த்து மசாலாவில் சொட்டும். அப்படி அரைத்த பொடி சீக்கிரமே கட்டி தட்டும்.

முட்டையில்லா கேக்குக்கு ஆளிவிதை எவ்வளவு நைஸாக வேண்டும்? — ஒரு வாசகி, சேலம்

மிளகு ரசத்துக்குத் தூளாக்கும் பதத்தைவிட நைஸ், மைதாவைவிடக் கரகரப்பு. இரண்டு டேபிள்ஸ்பூன் விதைக்கு மொத்தம் 15 விநாடி, மூன்று தவணையாக. ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு டேபிள்ஸ்பூன் பொடி, மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர். பத்து நிமிடத்தில் ஸ்பூனில் இழுத்தால் வழவழவென்று நூலாக வரும். வராவிட்டால் பொடி பெரிசாக இருக்கிறது. அன்றன்றைக்கு அரைப்பதே நல்லது. பொடித்த ஆளிவிதை வெளியில் இருந்தால் சிக்கு வாடை அடிக்கும். மீந்ததைக் காற்றுப் புகாத பாட்டிலில் ஃபிரீஸரில் வையுங்கள். ஓட்ஸ் மாவுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். ஒரு ஈட்டுக்கு 30 கிராம், 20 விநாடி, சலிக்கக்கூட வேண்டியதில்லை.

தேங்காய், இஞ்சி அரைக்கலாமா? — ஒரு வாசகி, நாகர்கோவில்

கூடாது. பிளேடின் தண்டு இறங்கும் துளைக்கு நேர் கீழே மோட்டார். ஈரம் அதன் வழியாக இறங்கும். கிண்ணம் தனியாகக் கழன்று வரும் மாடலாக இருந்து, ஈரத்துக்கென்றே தனிக் கிண்ணமும் கொடுத்திருந்தால் மட்டும் செய்யலாம்.

சீரகம் அரைத்த பிறகு காபியில் ரச வாசனை வருகிறது. எப்படிப் போக்குவது? — ஒரு வாசகர், சென்னை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் பிளேடின் அடியைக் கூட்டி எடுங்கள். பிறகு இரண்டு டேபிள்ஸ்பூன் பச்சரிசி போட்டு 20 விநாடி ஓட்டிக் கொட்டிவிடுங்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயை அரிசி மாவு இழுத்துக்கொள்ளும். கொட்டிய மாவை முகர்ந்து பார்த்து, வாசம் இருந்தால் இன்னொரு தடவை. நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே ஆறவிடுங்கள். மூடியை மட்டும் சோப்பு போட்டுக் கழுவலாம். வாசனை பாதிக்கு மேல் தங்குவது பிளாஸ்டிக் மூடியில்தான்.

இவ்வளவு செய்தாலும் காபி மூக்கு உள்ளவர்களை ஏமாற்ற முடியாது. மசாலாவும் தினமும், காபியும் தினமும் என்றால் இரண்டு கருவி வைத்துக்கொள்ளுங்கள், பழசை மசாலாவுக்கு விடுங்கள். கேக்கில் கொஞ்சம் காபி வாசம் இருந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள், அதனால் சர்க்கரை, ஓட்ஸ் எல்லாம் காபிக் கருவியிலேயே போகலாம்.

திடீரென்று நின்றுவிட்டது. தீய்ந்த வாசனையும் வந்தது. பழுதா? — ஒரு வாசகி, புதுச்சேரி

பெரும்பாலும் சூடு. இந்தச் சின்ன மோட்டார் விடாமல் ஓடுவதற்குச் செய்ததில்லை. 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரைதான் தொடர்ந்து ஓட்டலாம் என்று பல மாடல்களின் கையேட்டில் போட்டிருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். சூடு ஏறினால் மோட்டாரை நிறுத்திவிடும் வெப்பத் தடுப்பு, தானாகத் திரும்பும் வகையென்றால் ஓடத் தொடங்கும். ஒருமுறை போனால் போனதுதான் என்ற ஃபியூஸ் வகையென்றால் மெக்கானிக்தான் மாற்றவேண்டும்.

வாசனை இல்லாமல் சும்மா நின்றிருந்தால் மூடியைப் பாருங்கள். அதன் ஓரத்தில் உள்ள சிறு நாக்கு, கருவியின் உடம்பில் உள்ள பள்ளத்துக்குள் இறங்கி ஒரு முள்ளை அழுத்தும். அதுதான் சுவிட்ச். மாவும் சர்க்கரைத் தூளும் அந்தப் பள்ளத்தில் அடைந்தால் முள் இறங்காது. சில சமயம் இறங்கிய முள் திரும்பி வராது, கையை எடுத்த பிறகும் பிளேடு சுற்றும். அப்போது மூடியைத் தொடாமல் பிளக்கைப் பிடுங்குங்கள். பல் குத்தும் குச்சியாலும் உலர்ந்த பிரஷாலும் பள்ளத்தைச் சுத்தம் செய்யலாம். எண்ணெய் விடாதீர்கள், அடுத்த தடவை தூள் பசையாகிவிடும்.

பிளக் இல்லாத நிலையில் மரக்கரண்டியின் காம்பால் பிளேடைத் தள்ளிப் பாருங்கள். லேசாகச் சுற்றவேண்டும். பிடித்துக்கொண்டால் தண்டைச் சுற்றிச் சர்க்கரைப் பாகு இறுகியிருக்கிறது. வெந்நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் வைத்துத் துடையுங்கள், இரண்டு மூன்று தடவையில் இளகும். முழுக்க உலர்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள்.