கேளுங்க சொல்றேன்: ஸ்பெல்லிங் பாத்தா மட்டும் ரிவ்யூ ஆயிடுமா?

கேள்வி: அண்ணா, நான் ஒயிட்ஃபீல்ட்ல ஒரு கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன், சி கோட் அவ்ளோவா வராது. கிட்ல, அதாவது கோட்ல யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வெக்கிற சாஃப்ட்வேர்ல, கிளையண்டும் சர்வரும் எப்டி பேசிக்கணும்னு சொல்ற புரோட்டோகால் டாக்குமெண்ட்ல ஒருத்தர் சில வரிய மாத்தி பேட்ச் போட்டிருக்காரு, என்னை ரிவ்யூ பண்ணச் சொல்றாங்க. ஸ்பெல்லிங் பாத்து ஓகே சொன்னா போதுமா? இல்ல கோட் தெரிஞ்சவங்ககிட்டயே விட்டுடவா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: விட்டுடாதீங்கம்மா, இதுக்கு நீங்கதான் சரியான ஆளு. கோட் எழுதினவருக்கு விஷயம் முன்னாடியே தெரியும், அதனால டாக்குமெண்ட்ல ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் அவரு கண்ணு தானா நிரப்பிக்கிட்டு போயிடும். ஆனா கிட்டையே வேற மொழில திரும்ப எழுதினது ஜாவால ஜேகிட் இருக்கு, பைத்தான்ல டல்விச் இருக்கு, நாளைக்கு இன்னொரு மொழில புதுசா ஒருத்தர் எழுதுவாரு, அவரு கையில இருக்கப்போறது இந்த டாக்குமெண்ட் மட்டும்தான்.

ஒரு சின்ன விஷயம் எடுத்துக்குவோம். கிட்ல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி 4 எழுத்துல நீளம் வரும், ஹெக்ஸ்ல (16ஐ அடியா வெச்சு எழுதுற எண்), அந்த நீளத்துல அந்த 4 பைட்டும் சேர்த்தி. ஒரு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நியூலைனும்னா 2 பைட், ஆனா முன்னாடி போறது 0006. அதே இடத்துல நம்ம 'அ' எழுதி அனுப்பினா 0008, ஏன்னா எழுத்த பைட்டா மாத்துற யூடிஎஃப் 8 முறைல 'அ' ஒண்ணுக்கே 3 பைட். இப்ப பேட்ச் போட்டவரு 'பைட்'னு இருந்தத படிக்க ஈஸியா இருக்கட்டும்னு 'எழுத்து'ன்னு மாத்திட்டாருன்னு வைங்க, கிராமர் பக்காவா இருக்கும், ஆனா விஷயம் தப்பு. இது தமிழ் பேசுறவங்க கண்ணுல டக்குனு படும், மத்தவங்களுக்கு படாமலே போகலாம்.

0000க்கும் 0004க்கும் உள்ள வித்தியாசம் இன்னும் ஆபத்து. 0004ன்னா வெத்து வரி, 0000ன்னா ஃப்ளஷ், அதாவது இந்தப் பகுதி முடிஞ்சுதுன்னு அர்த்தம். நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒருத்தர் சொந்தமா ஒரு சின்ன சர்வர் எழுதும்போது ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சு 0004 அனுப்பிட்டாரு, கிளையண்ட் இன்னும் ஏதோ வரும்னு காத்துக்கிட்டே கிடந்துச்சு, எர்ரரும் இல்ல ஒண்ணும் இல்ல, ராத்திரி பூரா தேடினோம். ஒரே ஒரு வாக்கியம் தெளிவா இருந்திருந்தா அந்த ராத்திரி மிச்சம்.

அடுத்து மஸ்ட், ஷுட், மே. பெரிய எழுத்துல இருந்தா அதுக்கெல்லாம் 1997லேயே ஆர்எஃப்சி 2119ங்கற இன்டர்நெட் ஆவணத்துல அர்த்தம் எழுதி வெச்சாச்சு (மஸ்ட்னா கட்டாயம், ஷுட்னா தக்க காரணம் இருந்தா மட்டும் மீறலாம், மேன்னா உங்க விருப்பம்), நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. வெத்து வரி அனுப்பறதுக்கு டாக்குமெண்ட்ல ஷுட் நாட்தான் இருக்கு, ஒரு வரி 65520 பைட்ட தாண்டக்கூடாதுங்கறதுக்கு மஸ்ட் நாட். யாராச்சும் முதல்ல சொன்னதையும் மஸ்ட் நாட் ஆக்கினா, இத்தன வருஷமா வெத்து வரி அனுப்பிட்டு இருந்த புரோகிராம் எல்லாம் ஒரே நாள்ல விதிய மீறினது ஆயிடும். அதனால இந்த வார்த்தை மாறினா ஏன்னு கமிட் மெசேஜ்ல, அதாவது பேட்ச்சோட வர்ற குறிப்புல, காரணம் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா கேளுங்க.

டாக்குமெண்ட் புரோட்டோகாலோட எந்த வெர்ஷன பத்தி பேசுதுன்னும் பாக்கணும். பழைய முறைல சர்வர் வாயத் தொறந்ததுமே எல்லா ரெஃப்பையும் (பிராஞ்ச், டேக் பேரெல்லாம்) கொட்டிடும், வெர்ஷன் 2ல கிளையண்ட் கேட்டாதான் தரும். வெர்ஷன் 2 வந்தது 2018ல, 2020ல கிட் 2.26ல அது டிஃபால்ட் ஆச்சு, 2.27ல மட்டும் பழசுக்கு திரும்பினாங்க, 2.28ல இருந்து மறுபடி அதுதான் டிஃபால்ட்.

சந்தேகம் வந்தா ஓட்டிப் பாருங்க, அதுதானே உங்க தொழிலே. கிட் ட்ரேஸ் பேக்கெட்னு ஒரு என்விரான்மெண்ட் வேரியபிள் இருக்கு, அத 1னு வெச்சு ரிமோட் ரெஃப் லிஸ்ட் எடுத்தா யாரு எந்த வரிய அனுப்புறாங்க, எங்க 0000 வருதுன்னு திரையில ஓடும். புரோட்டோகால் வெர்ஷன 0ன்னு, அதாவது பழைய முறைக்கு, மாத்தி இன்னொரு தடவ ஓட்டி ரெண்டையும் பக்கத்துல வெச்சு டாக்குமெண்ட படிங்க.

கேள்வி: டாக்குமெண்ட் ஒண்ணு சொல்லுது, கோட் வேற செய்யுதுன்னா எத திருத்தச் சொல்றது?
- அதே வாசகி

பதில்: பெரும்பாலும் டாக்குமெண்ட்டதான். வெளிய போன சர்வர் எல்லாத்தையும் திரும்ப கூப்பிட முடியாதுல்ல. ஆனா கோட்ல இருக்குறது தப்புன்னு (பக்) தெரிஞ்சா அத டாக்குமெண்ட்ல விதியா எழுதி நிரந்தரமாக்கிடாதீங்க, தனியா எடுத்துச் சொல்லுங்க.

கடைசியா, பேட்ச்ச முழுசா படிச்சு முழு திருப்தி வந்தா மட்டும் ரிவ்யூட் பைன்னு உங்க பேர கொடுங்க. ஓட்டி மட்டும் பாத்தீங்கன்னா டெஸ்டட் பை போதும். ஒரு பத்தி புரியலேன்னா "இந்தப் பத்திய ரெண்டு தடவ படிச்சும் புரியல"ன்னு அப்டியே எழுதுங்க, பேட்ச் போட்டவருக்கு அது ரொம்ப உதவும்.