கேட்டால் சொல்கிறேன்: நாப்லஸ் மேயர்

கேள்வி: பாலஸ்தீனம் என்றாலே அராஃபத், ஹமாஸ், குண்டு என்றுதான் செய்தி வருகிறது. அங்கே முனிசிபாலிட்டி, மேயர் எல்லாம் உண்டா? இருந்தால் அவர்களுக்கு என்ன வேலை? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: உண்டு அம்மா. குப்பை அள்ளுவது, தண்ணீர் விடுவது, வரி வசூலிப்பது என்று எல்லா ஊர் மேயருக்கும் உள்ள வேலைதான். ஆனால் 1967-க்குப் பிறகு பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரைப் பகுதியை இஸ்ரேல் ராணுவமே ஆண்டதால், அந்தக் காலத்தில் சட்டசபையோ எம்.எல்.ஏ.வோ கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆள் என்றால் அது மேயர்தான். அதனால் ஊர் அரசியல் முழுவதும் நகராட்சிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மேற்குக் கரையில் உள்ள நாப்லஸ் நகரத்தின் மேயர் பஸ்ஸாம் ஷக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-ல் அதே ஊரில் பிறந்தவர். 1976 ஏப்ரல் தேர்தலில் ஜெயித்தார். பெண்களுக்கு முதல் தடவையாக ஓட்டு கிடைத்த தேர்தல் அது. மிதவாதிகள் வருவார்கள் என்று இஸ்ரேல் கணக்குப் போட்டது, வந்தவர்களோ பெரும்பாலும் அராஃபத் தலைமையிலான பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை ஆதரித்தவர்கள். 1978-ல் எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்ட கேம்ப் டேவிட் ஒப்பந்தம் வந்ததும் அதை எதிர்த்து மேயர்களும் சங்கத்துக்காரர்களும் ஒரு வழிகாட்டும் குழு அமைத்தார்கள், அதில் இவர் முன்வரிசை. 1979 நவம்பரில் இவரைப் பிடித்து நாடு கடத்த உத்தரவு போட்டார்கள். இவர் சிறையில் உண்ணாவிரதம் இருக்க, மற்ற ஊர் மேயர்கள் ராஜினாமா செய்ய, டிசம்பரில் உத்தரவு வாபஸ்! ராணுவ ஆட்சியையே பின்வாங்க வைத்த ராஜினாமா என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் ராஜினாமா என்றால் பேரம் என்று அர்த்தமாகிவிட்டது.

அப்புறம் வந்தது 1980 ஜூன் 2. ஒரு மாதம் முன்பு மேற்குக் கரையின் இன்னொரு ஊரான ஹெப்ரானில் ஆறு யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அதற்குப் பழி என்று, சம்பந்தமே இல்லாத மேயர்களின் கார்களில் யூதத் தீவிரவாதிகள் குண்டு வைத்தார்கள். ஷக்காவுக்கு இரண்டு கால்களும் போயின, ரமல்லா மேயர் கரீம் கலஃபுக்கு ஒரு பாதம். அல்-பிரே மேயரின் கார் கொட்டகையில் இருந்த குண்டை எடுக்கப் போன இஸ்ரேல் போலீஸ்காரருக்கே பார்வை போனது. 1984-ல் அந்தக் குழு பிடிபட்டது. ஆயுள் தண்டனை வாங்கியவர்களும் தண்டனை குறைக்கப்பட்டு 1990 முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். ஷக்காவோ மறுபடி மேயர் நாற்காலிக்கு வந்தார், 1982-ல் இஸ்ரேல் பதவியைப் பறிக்கும் வரை.

கேள்வி: அப்படியானால் அராஃபத் ஆட்சி வந்ததும் இவருக்குப் பெரிய பதவி கிடைத்திருக்குமே? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: அதுதான் இல்லை. அராஃபத் ஆட்சிக்கு வழிவிட்டதே இஸ்ரேலோடு அவர் 1993-ல் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தம், அதையே ஷக்கா ஏற்கவில்லை. 1999-ல் அராஃபத் நிர்வாகத்தின் ஊழலைக் கண்டித்து இருபது பேர் கையெழுத்திட்ட அறிக்கையில் இவர் பெயரும் இருந்தது. இந்த முறை வீட்டுக்காவலில் வைத்தது பாலஸ்தீனப் போலீஸ். 2019-ல் இறந்தார். எந்தப் பக்கத்திலும் வசதியாக உட்காராத மனுஷன். அவருடைய நிலைப்பாடு எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை, ஆனால் நாற்காலிக்காக மாற்றிக்கொள்ளவில்லை.

கேள்வி: ஒரு முனிசிபாலிட்டிக்காரரைக் கண்டு அரசாங்கம் இவ்வளவு பயப்படுமா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள்! (வாசகர், வில்லியனூர்)

பதில்: வில்லியனூர்க்காரர் இப்படிக் கேட்கலாமா? 1954 அக்டோபர் 18-ல் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கீழூரில் கூடி ஓட்டுப் போட்டு, பிரெஞ்சுக்காரனிடமிருந்து நம்மை இந்தியாவோடு சேர்த்தவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும்தான்: 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. இதனால்தானோ என்னவோ, பாண்டியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 ஆனது, 38 வருஷம்! நாப்லஸ் பக்கம் 1976-க்கு அடுத்த நகராட்சித் தேர்தல் 2004 கடைசியில்தான் தொடங்கியது. அங்கே ராணுவ ஆட்சி என்று ஒரு காரணமாவது சொல்லலாம். இங்கே 2011-ல் பதவிக்காலம் முடிந்த கவுன்சிலர்களுக்குப் பிறகு தேர்தல் ஏன் தள்ளிக்கொண்டே போனது என்பதை உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்டு, பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.